பழைய பட்டாளத்துப் படத்தில் தாத்தாவைத் தேடுவது எப்படி?

பழுப்பேறிய அட்டைப் படம். மூன்று வரிசையில் நாற்பது சிப்பாய்கள். பின்வரிசையில் ஒருவருடைய தலைக்கு மேலே மசியால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியைப் போட்டவர் இப்போது உயிரோடு இல்லை. ‘இவர்தான் கொள்ளுத்தாத்தாவாம்’ என்ற பேச்சு மட்டும் வீட்டில் தங்கியிருக்கிறது.

இப்படி ஒரு படம் கைக்கு வந்தால் நாம் எல்லோரும் அந்த ஒரு முகத்தையே உற்றுப் பார்ப்போம். மூக்கு யார் சாயல், நெற்றி யார் சாயல் என்று பேச்சு ஓடும். என் யோசனை வேறு. குறி போட்ட முகத்தைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். மீதி முப்பத்தொன்பது பேரும் உங்கள் சாட்சிகள். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, எந்த மாதிரியான இடம் என்பதையெல்லாம் அவர்கள் தொப்பியிலும் கைச்சட்டையிலும் காலிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். தனியாள் படத்தில் தாத்தாவின் தொப்பி பேட்ஜ் நிழலில் மறைந்துவிட்டால் கதை முடிந்தது. குழுப்படத்தில் அடுத்தவருடைய பேட்ஜ் பளிச்சென்று தெரியும்.

எழுத்து ஆவணங்களைத் தேடினால் போதாதா? பல குடும்பங்களுக்கு அந்த வழியே அடைபட்டுக் கிடக்கிறது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த சிப்பாய்களின் பணிப்பதிவுகள் லண்டனில் ஒரு கிடங்கில் இருந்தன. 1940 செப்டம்பரில் விழுந்த ஜெர்மன் குண்டில் அவற்றில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. மிஞ்சியவற்றை இன்றும் ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் போயின. 1912 முதல் 1960 வரை ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் அடக்கம். கோப்பு எரிந்த வீட்டில் படம் மட்டும் பத்திரமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது.

சரி, படத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வேலை ஸ்கேன். இதில் கஞ்சத்தனம் கூடாது, காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். தபால் அட்டை அளவுள்ள குழுப்படத்தில் ஒரு தலை 5 மில்லிமீட்டர் உயரம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் தலை சுமார் 23 சென்டிமீட்டர், தொப்பி பேட்ஜ் சுமார் 4 சென்டிமீட்டர். ஆக, படத்தில் பேட்ஜின் அளவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் அதற்குப் பத்துப் பிக்சல்தான் கிடைக்கும்; வெறும் திட்டாகத் தெரியும். 1,200 புள்ளி வைத்தால் நாற்பது பிக்சல். மான் கொம்பா, நட்சத்திரமா, ஊதுகொம்பா என்று வெளிக்கோட்டை வைத்தே சொல்லிவிடலாம். அந்தக் காலத்துத் தபால் அட்டைப் படங்களில் பெரும்பாலானவை கண்ணாடி நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து அதே அளவில் அச்செடுத்தவை. பெரிதாக்கும்போது வரும் கலங்கல் அவற்றில் இல்லை. அதனால் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கம் தாளில் நிஜமாகவே இருக்கிறது. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் எழுத்து அழிந்திருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பாருங்கள். பென்சில் அழுத்திய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து மேலே வரும்.

அடுத்த கேள்வி: இது எந்த மாதிரியான கூட்டம்? எல்லாத் தொப்பியிலும் ஒரே பேட்ஜ் என்றால் ஒரு ரெஜிமென்டின் (பெரிய படைப்பிரிவின்) உட்பிரிவான பிளட்டூனோ கம்பெனியோ ஆக இருக்கலாம். பேட்ஜ்கள் கலந்து கிடந்தால் குழம்ப வேண்டாம், அதுவே ஒரு தடயம். பல படைப்பிரிவினர் சேர்ந்து படித்த பயிற்சி வகுப்பாகவோ, காயம்பட்டவர்கள் தேறிவந்த மருத்துவமனையாகவோ இருக்கலாம். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் தேறிவந்த சிப்பாய்களுக்கு நீலச் சட்டை, வெள்ளை மடிப்புக் கழுத்து, சிவப்பு டை என்று தனி உடுப்பே உண்டு. எல்லோர் கையிலும் மூன்று பட்டை இருந்தால் அது சார்ஜென்ட்களின் குழு. நடுவில் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்கள் அதிகாரிகள். அவர்களுக்கு இருபுறமும் சார்ஜென்ட்கள். தரையில் சம்மணம் போட்டவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். முன்னால் ஒரு பலகை இருந்து அதில் சாக்பீஸால் பிளட்டூன் எண்ணும் ஆண்டும் எழுதியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

கைச்சட்டைக்கு வருவோம். பிரிட்டிஷ் ராணுவத்தில் முழங்கைக்கு மேலே, கூர்முனை கீழ்நோக்கி இருக்கும் பட்டைகள் பதவியைச் சொல்பவை: ஒன்று லான்ஸ் கார்ப்பரல், இரண்டு கார்ப்பரல், மூன்று சார்ஜென்ட். இடது முன்கையில் கூர்முனை மேல்நோக்கி இருந்தால் அது நன்னடத்தைப் பட்டை; பதவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதைத் தப்பாகப் படித்து, சிப்பாயாகவே இருந்த தாத்தாவைக் கார்ப்பரல் ஆக்கிய வீடுகள் நிறைய. முதல் நன்னடத்தைப் பட்டைக்கு இரண்டு ஆண்டுப் பணி வேண்டும். போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு அது கிடைக்க 1916 ஆகஸ்டாவது ஆகியிருக்க வேண்டும். இடது முன்கையில் செங்குத்தாக ஒரு பொன்னிறக் கோடு இருந்தால் அவர் போரில் காயம்பட்டவர். அந்த அடையாளம் அறிமுகமானது 1916இல். வலது முன்கையில் சின்னச் சின்னப் பட்டைகள் இருந்தால் வெளிநாட்டுப் பணி. அவை 1918இல்தான் உடுப்பில் ஏறின. 1914 முடிவதற்குள் கடல் கடந்தவருக்கு முதல் பட்டை சிவப்பு, மற்றவை நீலம்.

இங்கே ஒரு தர்க்க விதியை மனதில் பதிக்க வேண்டும். இந்த முறையின் உயிர்நாடியே அதுதான். ஓர் உடுப்போ சின்னமோ ‘இதற்கு முன்னால் எடுத்த படம் இல்லை’ என்று உறுதியாகச் சொல்லும். ‘இதற்குப் பின்னால் இல்லை’ என்று சொல்வது அபூர்வம். பழைய தொப்பியை யாரும் பல வருஷம் போட்டுக்கொள்ளலாம். இன்னும் அறிமுகமாகாத பட்டையை யாரும் போட முடியாது. ஆகவே படத்தில் உள்ள நாற்பது பேரில் ஆகப் புதிய சின்னம் யார் மேல் இருக்கிறது என்று தேடுங்கள். முப்பத்தொன்பது பேர் 1914ஆம் ஆண்டு ஆள்போலத் தெரிந்தாலும், ஓரத்தில் நிற்கும் ஒரே ஒருவர் கையில் வெளிநாட்டுப் பணிப் பட்டை இருந்தால் முழுப்படமும் 1918க்கு நகர்ந்துவிடும். ஒரு மனிதர் எல்லோருக்கும் தேதி வாங்கிக் கொடுத்துவிடுகிறார். குழுப்படம் எனக்கு இவ்வளவு பிடிப்பதற்கு இதுவே காரணம்.

கால்களையும் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே துணிப்பட்டி சுற்றியிருப்பார்கள். காலாட்படையினர் கணுக்காலில் தொடங்கி மேலே சுற்றுவார்கள். கட்டும் நாடா முழங்காலுக்குக் கீழே முடியும். குதிரைப்படை, பீரங்கிப்படையில் குதிரையேறுபவர்கள் மேலிருந்து கீழே சுற்றுவார்கள். நாடா கணுக்காலில் முடியும். பேட்ஜ் தெரியாத படத்தில்கூட இந்த நாடா தெரிந்துவிடும். அப்புறம், பேட்ஜில் உள்ள கிரீடத்தின் வடிவம். 1901இல் ஏழாம் எட்வர்ட் அரசரான பிறகு வந்த கிரீடம் மேலே குவிந்திருக்கும். இரண்டாம் எலிசபெத் காலத்துக் கிரீடம் நடுவில் சற்றுப் பள்ளமாக இருக்கும்.

இனி நிறம். பலரும் வழுக்கி விழும் இடம் இது. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிர்ப்பாகத் தெரிவது நிஜத்திலும் வெளிர் நிறம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பழைய படங்களில் அந்தக் கணக்கு செல்லாது. படத்தைப் பதிவுசெய்வது வெள்ளி உப்புத் துகள்கள். அவற்றில் ஒளி பட்டு ஒரு எலக்ட்ரான் விடுபட்டால்தான் பதிவு தொடங்கும். நீல ஒளிக்கும் புற ஊதாவுக்கும் அந்த ஆற்றல் உண்டு. சிவப்பு ஒளிக்கு இல்லை. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரியவிட முடிந்ததும் இதனால்தான். 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சில சாயங்களைக் கலந்தால் பச்சைக்கும் உணர்வு வரும் என்று கண்டுபிடித்தார். சிவப்பையும் உணரும் தகடுகள் 1906 வாக்கில் கடைக்கு வந்தாலும் பரவலாகப் புழங்கியது வெகு பின்னால்தான்.

அதனால் முதல் உலகப்போர்க் காலத்துப் படத்தில் சிவப்பு கறுப்பாகவும், ஆரஞ்சு கருமையாகவும், நீலம் வெளிறியும் விழும். இளநீலக் கண்கள் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். தெற்கு ஆப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போருக்காக வழங்கிய ராணியின் பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரிப்பனில் ஓரங்கள் சிவப்பு, அடுத்து நீலம், நடுவில் அகலமான ஆரஞ்சு. நடுப்பட்டை வெளிச்சமாகவும் நீலம் இருட்டாகவும் இருக்கும் என்று தேடினால் அந்தப் பதக்கம் கிடைக்கவே கிடைக்காது. படத்தில் நடுப்பகுதி இருண்டு, நீலக்கோடுகள் வெளிறி, தலைகீழாக இருக்கும். பதக்க ரிப்பன்களை அடையாளம் காணும்போது, ரிப்பனின் வண்ணப்படத்தில் நீல நிறப் பதிவை (ப்ளூ சேனல்) மட்டும் பிரித்தெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எந்தப் படத்திருத்தச் செயலியிலும் ஒரு நிமிட வேலை. கணினி தானாக வண்ணம் பூசித் தரும் படங்களை இதற்கு நம்பவே கூடாது. அவை சாம்பல் நிறத்தைப் பார்த்து ஊகிக்கின்றன.

படம் காகிதத்தில் இல்லாமல் தகட்டில் இருந்தால் காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் அது இரும்புத் தகட்டுப் படம், டின்டைப் என்பார்கள். 1850களின் பிற்பாதியில் வந்து அமெரிக்க உள்நாட்டுப் போரில் பரவியது. அதில் நெகட்டிவே கிடையாது, லென்ஸ் காட்டிய பிம்பம் நேராகத் தகட்டில் பதியும். எனவே இடம் வலமாகிவிடும். இடுப்பு வார்ப்பட்டையில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும். திருப்பிப் போட்டுவிட்டுத்தான் எந்தக் கை, எந்த மார்பு என்று பேச வேண்டும்.

அட்டையில் அச்சிட்ட ஸ்டூடியோ பெயரையும் பின்திரையையும் விட்டுவிடாதீர்கள். பிரான்சின் விக்னகூர் கிராமத்தில் லூயி, அந்துவானெத் தூலியே என்ற தம்பதி, போர்முனைக்குச் சற்றுப் பின்னால் ஓய்வெடுக்க வந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களை ஒரே மாதிரி வரைந்த திரைக்கு முன்னால் படமெடுத்தார்கள். அந்தக் கண்ணாடித் தகடுகள் பெட்டிகளில் அடைத்தபடி பரணில் கிடந்து 2011இல் வெளிச்சத்துக்கு வந்தன. எண்ணூறுக்கும் அதிகமானவை இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. உலகின் எங்கோ ஒரு வீட்டுப் படத்தில் அதே திரை தெரிந்தால் தாத்தா அந்தக் கிராமத்தில் நின்றிருக்கிறார் என்று பொருள்.

ஒரு முழம், இரண்டு முழம் என்று நீளும் அகலப்படங்கள் வேறு வகை. 1904இல் காப்புரிமை பெற்ற சர்க்கட் கேமரா இடமிருந்து வலமாகச் சுழன்றபடியே, உள்ளே பிலிம் ஒரு பிளவைக் கடந்து ஓட, நூற்றுக்கணக்கான பேரை ஒரே படத்தில் பிடிக்கும். நேர்வரிசையாகத் தெரிய வேண்டும் என்றால் ஆட்களை வில்லாக வளைத்து நிறுத்துவார்கள். கேமரா சுழலும் நேரத்தில் பின்னால் ஓடிப்போய் மறுகோடியில் நின்றுகொண்ட குறும்புக்காரர்களும் உண்டு. இரு முனையிலும் ஒரே முகம் இருந்தால் இரட்டையர் என்று எழுதிவைத்துவிட வேண்டாம்.

இப்போதுதான் முகம். பெருக்கல் குறியை அப்படியே நம்ப முடியாது. ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஞாபகத்தில் போட்டதாக இருக்கலாம். தாத்தாவின் உறுதியான வேறொரு படத்தை வைத்து ஒப்பிடுங்கள். மீசையும் எடையும் மாறும். காதின் உள்மடிப்புகள் வளர்ந்தபின் அதிகம் மாறுவதில்லை, மடல் மட்டும் வயதோடு நீளும். முகமறி மென்பொருளும் உதவுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் படங்களுக்காக 2018இல் ‘சிவில் வார் ஃபோட்டோ ஸ்லூத்’ என்ற தளத்தைத் தொடங்கியவர் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் கர்ட் லூதர். தன் மூதாதை ஒருவரின் படத்தைப் பிட்ஸ்பர்க் கண்காட்சியில் தற்செயலாகக் கண்டதிலிருந்து பிறந்த முயற்சி அது. அங்கே பதவி, படைப்பிரிவு போன்ற உடுப்புத் தடயங்களை வைத்து வட்டத்தைச் சுருக்கி, முக ஒற்றுமையையும் சேர்த்துப் பார்த்து, முடிவை மனிதர் எடுக்கிறார். முகம் மட்டும் வைத்துத் தேடினால் ஒத்த சாயலில் அந்நியர்கள் வந்து குவிவார்கள். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். அவை தெளிவாக்குவது உங்கள் தாத்தாவை இல்லை. பார்த்துப் பழகிய ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து ஒரு புது முகத்தை வரைந்து ஒட்டுகின்றன. பேட்ஜையும் அப்படியே கற்பனையாக வரையும்.

ரெஜிமென்டும் ஏறத்தாழ ஆண்டும் கைக்கு வந்தபின் காகிதங்கள் பேச ஆரம்பிக்கும். யார் எந்தப் பதக்கத்துக்கு உரியவர் என்று குறித்த, எரியாமல் தப்பிய பதக்க அட்டவணை அட்டைகளின் நகல்கள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரே பெயரில் இருநூறு பேர் வந்தாலும் ரெஜிமென்ட் தெரிந்தால் இருபது ஆகும். தாத்தாவின் கையிலேயே அந்தச் சிவப்புப் பட்டை (படத்தில் கறுப்பாக விழும்) தெரிந்திருந்தால் 1914 முடிவதற்குள் கடல் கடந்தவர்களாக இன்னும் சுருங்கும். 1918இல் போருக்குப் போனவர்களுக்காகத் தயாரித்த வாக்காளர் பட்டியலில் வீட்டு முகவரியோடு படை எண்ணும் இருக்கும். முதல் உலகப்போர்ப் பதக்கம் வீட்டில் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். அன்றைய இந்திய ராணுவத்தைத் தேடுபவர்களுக்கு லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த, பஞ்சாப் பகுதிச் சிப்பாய்களின் பதிவேடுகள் பெரிய திறப்பு. சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் அவற்றில் உள்ளன.

கண்டுபிடித்ததை மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள்; பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். எதை நிரூபித்தீர்கள், எதை ஊகிக்கிறீர்கள் என்று பிரித்து எழுதுங்கள். பொதுவில் பகிரும்போது தாத்தாவை மட்டும் வெட்டியெடுத்துப் போடாமல் முழுப்படத்தையும் போடுங்கள். முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாகச் சம்மணம் போட்டிருக்கும் பையனுக்கு வீட்டில் படமே இல்லாமல் போயிருக்கலாம்.