பெயின் ஸ்கோர் 0ன்னு எழுதிட்டா வலி போயிடுமா?

போன வாரமும் அதே கதை. 20 வருஷமா வார்டுல நர்ஸா இருக்கேன், புதுசா வர்ற பிள்ளைங்களுக்குக் கத்துக்கொடுக்குறதும் என் வேலைதான், இதை எத்தனை தடவ பாத்துட்டேன்னு கணக்கே இல்ல.

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிஞ்ச ஒரு பாட்டி. புது நர்ஸ் பொண்ணு கம்ப்யூட்டர் டிராலியத் தள்ளிக்கிட்டு வந்து, ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே "பாட்டி, வலி 0லேர்ந்து 10க்குள்ள எத்தனை?"ன்னு கேட்டுச்சு. "ஒண்ணுமில்ல மிஸ்ஸி, நல்லாருக்கேன்"னாங்க. 0ன்னு தட்டிட்டுப் போயிருச்சு. பாட்டி கையோ கட்டில் கம்பிய விரல் வெளுக்குற அளவுக்கு இறுக்கிப் பிடிச்சிருக்கு! நான் பக்கத்துல உக்காந்து "ராத்திரி தூங்குனீங்களாம்மா?"ன்னு கேட்டேன், பொலபொலன்னு கண்ணுல தண்ணி. மகனுக்கு பில்லு ஏறிடுமேன்னு மருந்து கேக்காம பல்லக் கடிச்சுக்கிட்டுக் கிடந்திருக்காங்க.

அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. டோஸ் கணக்கு தப்பவே தப்பாது, நரம்புல மருந்து ஏத்துற ஐவி பம்ப் கத்துனா ஓடிவந்து சரிபண்ணும். அதுவும் வேணும்தான், டோஸத் தப்பாப் போட்டுட்டு கையப் பிடிச்சு ஆறுதல் சொல்லி என்ன பிரயோஜனம்.

எனக்குக் கோவம் வர்றது, "பரிவெல்லாம் பிறவிக் குணம், கத்துக்க முடியாது"ன்னு சொல்றாங்க பாருங்க, அங்கதான். பொம்மைக் கையில திரும்பத் திரும்ப ஊசி குத்திப் பழகுறோம்ல, இதுவும் அப்படித்தான். நின்னுக்கிட்டே பேசாம உக்காந்து பேசுறது, கேள்வி கேட்டுட்டு அஞ்சு விநாடி வாய மூடிக் காத்திருக்குறது, "வலிக்குதா"ன்னு மட்டும் கேக்காம "திரும்பிப் படுக்க முடியுதா"ன்னு கேக்குறது, வாய் சொல்றதும் கை சொல்றதும் ஒண்ணா இருக்கான்னு பாக்குறது, எல்லாமே பழக்கம்தான், நானும் சீனியர் ஒருத்தவங்க திட்டித் திட்டித்தான் கத்துக்கிட்டேன்.

2024 மே மாசம் 40 வயசும் அதுக்கு மேலயும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு, கோர்ஸ் படிக்க அரசாங்கம் உதவுற ஸ்கில்ஸ்ஃபியூச்சர்ல 4,000 வெள்ளி போட்டாங்கல்ல, அதுலேர்ந்து தெரிஞ்சவங்கல்லாம் எந்த ஏஐ கோர்ஸ் சேரலாம்னுதான் கேக்குறாங்க. படிங்க, நல்லதுதான். ஆனா 2030ல சிங்கப்பூரர்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு 65 வயசோ அதுக்கு மேலயோ இருக்கும். பிபிய மெஷின் பாத்துக்கும், பாட்டி 0ன்னு சொன்னா அதுவும் 0ன்னுதான் எழுதும், அந்தக் கையப் பாக்க ஆள் வேணும்ல?

புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்களா, முதல்ல முகத்தப் பாருங்க, அப்புறம் ஸ்கிரீன். வீட்டுக்காரங்களுக்கும் சொல்றேன், உங்க அம்மாப்பா வலிய வெளிய சொல்லமாட்டாங்கன்னா அட்மிட் பண்ணும்போதே நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க. பில்லுக்குப் பயமா இருந்தா, செலவுக்கு வழி சொல்ற மெடிக்கல் சோஷியல் வொர்க்கரப் பாக்கணும்னு வார்டுலயே கேளுங்க. தயவுசெஞ்சு அவங்கள வலியோட கிடக்க விட்டுடாதீங்க.