இன்ஸ்டால்: நிறுவுதலும் அமைத்தலும்

"பைத்தான் இன்ஸ்டால் பண்ணிட்டேன், ஆனா வேலை செய்யல." நிரல் எழுதக் கற்றுக்கொள்பவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் வரி இது. பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: "நிறுவினது சரி, அமைச்சீங்களா?" சிலர் முதலில் விழிப்பார்கள். இரண்டும் வெவ்வேறு வேலை என்று சொன்னதும், எங்கே சிக்கல் என்பதைப் பாதிப் பேர் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இன்ஸ்டால் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு வேலைகளையும் போட்டு அடைத்துவிட்டோம். தமிழில் அவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஜெர்மானிய மொழிகளில் 'ஸ்டால்' என்றால் நிற்கும் இடம். லாயத்தில் ஒரு குதிரை நிற்கும் தடுப்புக்கும், கண்காட்சியில் ஒருவர் கடை போடும் இடத்துக்கும் இன்றும் அதே பெயர்தான். இந்தச் சொல் இடைக்கால லத்தீனுக்குப் போய், தேவாலயத்தில் மதகுருமார்களுக்கென்று ஒதுக்கிய இருக்கையைக் குறித்தது. புதிதாகப் பொறுப்பேற்பவரைச் சடங்கோடு அழைத்துவந்து அந்த இருக்கையில் அமர்த்துவதுதான் இன்ஸ்டால். இடமும் அதிகாரமும் ஒரே நேரத்தில் கிடைக்கும். உட்கார்ந்த பிறகே அவருடைய சொல் செல்லும். பின்னாளில் இந்தச் சொல் இயந்திரங்களுக்கு வந்தது, அங்கிருந்து கணினிக்கு வந்தது. கூடத்தை அடைத்துக்கொண்டு கணினிகள் நின்ற காலத்தில் 'கணினி இன்ஸ்டலேஷன்' என்றால் அந்த இயந்திரம் நிற்கும் இடத்தையே சொன்னார்கள். மென்பொருளுக்கு அது ஆகிவந்தது அப்புறம்தான்.

இந்தப் பழைய பொருள் இன்னும் செத்துவிடவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் 'இன்ஸ்டால்' என்ற பெயரிலேயே ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. அது செய்வது இவ்வளவுதான்: ஒரு கோப்பை நகலெடுத்துச் சொன்ன அடைவில் (ஃபோல்டரில்) வைக்கும், அதற்கு இயங்கும் உரிமையைக் கொடுக்கும். நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது தரும் உரிமை எண் 755. அதாவது உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். மற்றவர்கள் படிக்கலாம், இயக்கலாம். வெறும் நகலெடுக்கும் கட்டளையிலிருந்து இது வேறுபடுவது இந்த இரண்டாம் பாதியில்தான். இருக்கையில் வைத்து அதிகாரமும் கொடுக்கிறது. இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

சரி, தமிழுக்கு வருவோம். இன்ஸ்டால் என்பதற்கு 'நிறுவு' என்பதே சரியான சொல். ஆண்ட்ராய்டு திரையில் பார்த்துப் பலருக்கும் பழகியிருக்கும். ஏதோ மொழிபெயர்ப்புக்காகப் புதிதாகச் செய்த சொல் போலச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நில் என்ற வேரிலிருந்து நிறு, அதிலிருந்து நிறுத்து, நிறுவு. தானே நிற்பது நில், ஒன்றை நிற்கச் செய்வது நிறு. தொல்காப்பியத்தின் புணரியலில் முதலில் நிற்கும் சொல்லுக்கு 'நிறுத்த சொல்' என்றே பெயர். அதை நோக்கி வந்து சேர்வது 'குறித்துவரு கிளவி'. நாம் இன்று நிலைமொழி, வருமொழி என்று படிப்பது இந்த இரண்டையும்தான். முதல் சொல் தன் இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தால்தான் அடுத்தது வந்து சேர முடியும். நிரல்மொழியின் கருவிகளும் அப்படித்தான். முதலில் மொழி நிற்க வேண்டும், அதன் மேல்தான் நூலகங்கள், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்புகள், வந்து சேரும்.

நிறுவு என்ற சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் இன்னொரு பொருள். கணக்குப் பாடத்தில் "என நிறுவுக" என்று கேள்வி வரும். அங்கே நிறுவுவது என்றால் ஐயத்துக்கு இடமில்லாமல் மெய்ப்பித்துக் காட்டுவது. ஒரு கருவியை நிறுவிய கையோடு, கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான முனையத்தைத் திறந்து, அதன் பதிப்பு எண்ணைக் கேட்கும் கட்டளையை இட்டுப் பார்க்கிறோமே, அது இந்த இரண்டாம் பொருளுக்கு அப்படியே பொருந்துகிறது. எண் வந்தால் நிறுவியாயிற்று. 'நிறுவல் முடிந்தது' என்று திரை சொல்வது மட்டும் போதாது.

வேறு சொற்களையும் சிலர் எழுதுகிறார்கள். 'பொருத்து' என்பது சுவரில் மாட்டும் கருவிக்கு நன்றாக இருக்கும், மென்பொருளுக்கு ஒட்டவில்லை. 'பதி' என்றால் பதிவு, பதிவிறக்கு, பதிவேற்று என்று ஒரு பெரிய கூட்டத்தோடு கலந்துவிடும். அதிலும் பதிவிறக்கத்தையே நிறுவல் என்று நினைத்து, இறக்கிய கோப்பைத் தொடாமல் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அந்த இரண்டு சொற்களும் ஒலியிலாவது தள்ளி நிற்பது நல்லது. நிறுவும் மென்பொருள் 'நிறுவி', செயல் 'நிறுவல்'. நிறுவனம் என்பது வேறு பொருளில் ஊன்றிவிட்டதால் அதைத் தொட வேண்டாம்.

இனி இரண்டாவது வேலை. 'கான்ஃபிகர்' என்பதன் உள்ளே இருப்பது லத்தீனின் 'ஃபிகுரா', உருவம். ஒன்றை இன்னொன்றுக்கு ஏற்ற உருவத்துக்குக் கொண்டுவருவது அதன் மூலப்பொருள். தமிழில் உள்ளமைவு, கட்டமைவு என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு 'அமை' என்பதே போதும் என்று படுகிறது. வேலை அமைந்தது, வரன் அமைந்தது என்று சொல்கிறோம். கிடைத்தது மட்டுமில்லை, நமக்குப் பொருந்தியும் வந்தது என்பதுதான் அதன் பொருள். கான்ஃபிகர் சொல்ல வருவதும் இதையேதான்.

இந்த இரண்டும் பிரிந்து நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 'கோ' என்ற நிரல்மொழியை லினக்ஸில் நிறுவிப் பாருங்கள். அதற்கு நிறுவி என்று தனியாக எதுவும் தேவையில்லை. இறக்கிய பொதியை 'யுஎஸ்ஆர்' அடைவுக்குள் இருக்கும் 'லோக்கல்' என்ற அடைவில் பிரித்து வைத்தால் நிறுவல் முடிந்தது. இப்போது முனையத்தில் 'கோ' என்று தட்டினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வரும். கோப்பு அங்கேதான் இருக்கிறது, இயங்கும் உரிமையும் இருக்கிறது. ஆனால் முனையத்துக்கு அது இருக்கும் இடம் தெரியாது. அந்த இடத்தைச் சொல்வது 'பாத்' என்ற சூழல் மாறி, அதாவது நிரல்கள் பார்த்துக்கொள்ளும்படி இயங்குதளம் ஒரு பெயரில் வைத்திருக்கும் மதிப்பு. 1979இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து இந்தச் சூழல் மாறிகள் இருக்கின்றன. பாத் என்பதைப் பலர் 'பாதை' என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் ஒரு கோப்பின் முகவரியையும் பாதை என்றுதான் சொல்கிறோம். இது ஒற்றை முகவரி இல்லை, கட்டளையைத் தேடிப் போக வேண்டிய அடைவுகளின் வரிசை. அதனால் 'தேடுபாதை' என்று நான் எழுதுகிறேன்.

வரிசை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. லினக்ஸில் முக்காற்புள்ளியும் விண்டோஸில் அரைப்புள்ளியும் இட்டு அடைவுகளைப் பிரித்து எழுதுவார்கள். இடமிருந்து வலமாகத் தேடல் நடக்கும். முதலில் எதில் கிடைக்கிறதோ அதுவே இயங்கும், மீதியைப் பார்ப்பதில்லை. புதிய பதிப்பை நிறுவிய பிறகும் பழைய எண்ணே காட்டுகிறதென்றால், பழையதன் அடைவு வரிசையில் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் 'விச்', விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் 'வேர்' என்ற கட்டளைகள் எந்த அடைவிலிருந்து எடுக்கிறது என்பதைச் சொல்லிவிடும். இன்னொன்று: தேடுபாதையை மாற்றுவதற்கு முன்பே திறந்திருந்த முனையம் பழைய வரிசையையே வைத்துக்கொண்டிருக்கும். அதை மூடித் திறக்காமல் அரை நாளை வீணாக்கியிருக்கிறேன். முதலில் சொன்ன பைத்தான் சிக்கலும் பெரும்பாலும் இதே இடத்தில்தான். விண்டோஸுக்கான அதன் வழக்கமான நிறுவியில், முதல் திரையின் அடியில், தேடுபாதையில் சேர்க்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் நாம்தான் குறியிட வேண்டும். கண் நேரே பெரிய பொத்தானுக்குப் போய்விடுவதால் அது தப்பிவிடுகிறது.

மூலநிரலிலிருந்து, அதாவது நிரலர் எழுதிய வரிகளிலிருந்தே, ஒரு மென்பொருளைக் கட்டும்போது வரிசை தலைகீழாகும். கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று கட்டளைகளை இடுவது குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் வழக்கம். முதலில் அமை, பிறகு கட்டு, கடைசியில் நிறுவு. இங்கே அமைப்பது உங்கள் கணினியில் என்ன நிரல்பெயர்ப்பி (கம்பைலர்), எந்த நூலகங்கள் இருக்கின்றன என்று பார்த்து மூலநிரலை அதற்குப் பொருந்தச் செய்வது. பொருந்துவது என்ற பொருள் இங்கேயும் மாறவில்லை.

நீக்கும்போதும் இரண்டு வேலைகள்தான். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் 'ரிமூவ்' கட்டளை நிறுவியதை எடுத்துவிடும், கணினி முழுமைக்குமான அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பர்ஜ்' அவற்றையும் சேர்த்து எடுத்துவிடும். முதலாவதற்கு 'நீக்கு' என்று சொல் இருக்கிறது. இரண்டாவதற்குக் 'களை' என்று எழுதலாம். வயலில் களை எடுப்பவர்கள் வேரோடு பிடுங்குவார்கள், தலையை மட்டும் கிள்ளுவதில்லை.