சொல் விளக்கம்: கஃபாலா

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வளைகுடா போய்வந்தவர்களிடம் 'கஃபாலா' என்றால் பலருக்கும் விளங்காது. 'கஃபீல்' என்று சொல்லிப் பாருங்கள், கதை கதையாக வரும். இரண்டும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. பொறுப்பேற்பது கஃபாலா, ஏற்பவர் கஃபீல். இஸ்லாமியச் சட்டத்தில் பிறர் கடனுக்குப் பிணை நிற்பதும், ஆதரவற்ற குழந்தையை வளர்க்க ஏற்பதும் கஃபாலாதான். சொல்லின் மேல் பழியில்லை.

வளைகுடாவின் வேலைச் சட்டத்துக்குள் வந்தபோதுதான் அது கசந்தது. தொழிலாளியின் இக்காமா, அதாவது தங்கும் அனுமதி, கஃபீலின் பெயரோடு கட்டப்பட்டது. சவூதியில் சம்பளம் வராமல் வேறிடம் போனவர்மேல் கஃபீல் 'ஹுரூப்' போட்டுவிடுவார்; ஓடிப்போனார் என்று புகார். பாக்கி கேட்க வேண்டியவர் போலீசுக்கு ஒளிய வேண்டியதுதான். நம் ஊரில் ஆசை காட்டும் 'ஃப்ரீ விசா' என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. பெயருக்கு ஒரு கஃபீல், வேலை வேறெங்கோ. பிடிபடுவது போனவர்தான்.

கடல் கடந்த வேலை செட்டிநாட்டுக்குப் புதிதா என்ன? பர்மா, மலாயாவில் வட்டித்தொழில் நடந்த கிட்டங்கிகளுக்குப் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு ஆட்கள் சம்பளச்சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதித்தான் கப்பலேறினார்கள்; பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. அதுவும் கட்டுத்தான். ஆனால் சீட்டு கட்டியது உழைப்பையும் ஊதியத்தையும். கஃபாலா கட்டுவது அந்த நாட்டில் இருக்கும் உரிமையையே.

கட்டு இப்போது தளர்ந்துவருகிறது. முதலாளியின் தடையில்லாச் சான்று இன்றி வேலை மாறக் கத்தார் 2020இல் சட்டம் திருத்தியது. சவூதி 2021 மார்ச்சில் தனியார் நிறுவனத் தொழிலாளருக்குச் சில நிபந்தனைகளோடு வழி திறந்தது. வீட்டுப் பணியாளர்களை அதில் சேர்க்கவில்லை. உணவகத்துக்குப் போகும் நம் ஊர்ச் சமையல்காரருக்கு ஒரு சட்டம், வீட்டுச் சமையலுக்குப் போகிறவருக்கு வேறு விதி. விசாவில் என்ன வேலை எழுதியிருக்கிறது என்று ஏறுமுன் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

தமிழில் 'புரவலர் முறை' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. புரத்தல் என்றால் காத்தல்; பாணருக்கு யானை கொடுத்தவர்களின் பட்டத்தை இவர்களுக்கு ஏன் சூட்ட வேண்டும்? 'பிணைமுறை' என்பதே சரி. ஜாமீன், கட்டு என்ற இரு பொருளும் அதில் உண்டு. கஃபீலைப் பிணையாளர் எனலாம். ஹுரூப்புக்குத் 'தலைமறைவுப் புகார்' போதும்.