கோட்டி: குறளிலும் நெல்லைத் தெருவிலும்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் 'கோட்டி' என்றால் பைத்தியம். கோட்டிக்காரன், கோட்டிக்காரி, கோட்டிப்பய என்று அது கிளைவிடும். வடக்கே போகப் போக, கிறுக்கும் லூசும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பொருள் இவ்வளவுதான் என்று எழுதி நிறுத்தினால், எங்கள் ஊர்க்காரர் யாரும் ஒப்பமாட்டார். 'கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு?' என்றால் கோபம். 'என்னையக் கோட்டியாக்கப் பாக்கியா?' என்றால், ஏமாற்றப் பார்க்கிறாயா என்று பொருள். 'சும்மா கோட்டி பண்ணாத' என்றால், விளையாட்டுத்தனத்தை நிறுத்து. இன்னொன்றும் உண்டு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்றால் காதில் விழும். தேர்வடத்துக்குள் புகுந்துவிட்ட பேரனை ஆச்சி வெளியே இழுத்து, முந்தானையால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, 'ஏ கோட்டி, வடத்துக்குள்ள போயி நிக்கியே, மிதிச்சிருவாவல்லா' என்பாள். அந்தக் கோட்டியில் நோயும் இல்லை, வசவும் இல்லை. பதறிப்போன பாசம் மட்டும்தான்.

இனி, சொல்லின் பழைய இருப்பிடத்துக்குப் போகலாம். 'அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்' என்பது 401-ஆவது குறள். கட்டம் வரையாமல் காய் உருட்டுவது எப்படியோ, அப்படித்தான் நிறையப் படிக்காமல் அவையில் பேசப் போவதும். 720-ஆவது குறளிலும் 'கோட்டி கொளல்' வருகிறது. அங்கே, நமக்கு ஒப்பாகாதவர்கள் கூடிய இடத்தில் பேசுவது சாக்கடையில் கொட்டிய அமிழ்தம் ஆகிறது. இரண்டு இடத்திலும் கோட்டி என்றால் அவை, அவைப் பேச்சு.

இது வடமொழிக் கோஷ்டி தமிழாகிய வடிவம். இஷ்டம் இட்டம் ஆனதும் துஷ்டன் துட்டன் ஆனதும் இதே வழியில்தான். பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியும் கட்சிக்குள் நடக்கும் கோஷ்டிப் பூசலும் அந்தச் சொல்லின் இன்றைய பிள்ளைகள். படிக்காமல் அவையில் பேசுவது கோட்டித்தனம்தானே என்று இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நெல்லைக் கோட்டி வேறு வீட்டுப் பிள்ளை.

நெல்லைக் கோட்டிக்கு எனக்குப் பொருத்தமாகப் படுவது 'கோடு' என்ற தமிழ் வினை. கோடுதல் என்றால் வளைதல். கோட்டுதல் என்றால் வளைத்தல். யானைத் தந்தத்துக்கும் மாட்டுக் கொம்புக்கும் சங்குக்கும் மரக்கிளைக்கும் பழந்தமிழில் கோடு என்றே பெயர், எல்லாம் வளைந்தவை. தராசு முள்ளைச் சொல்லும் குறள், ஒரு பக்கம் சாயாமையைக் 'கோடாமை' என்கிறது. அடுத்த குறளிலேயே 'சொற்கோட்டம்', 'உட்கோட்டம்' என்று சொல்லும் உள்ளமும் வளைவதைச் சொல்லிவிடுகிறது. இதைவிடத் தெளிவான சாட்சி நன்னூலில் இருக்கிறது. தச்சன் மரத்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டுவான். அந்தத் தடத்தை வைத்து மரத்தின் கோணலைச் செதுக்கி எடுப்பான். அந்த நூல் மரத்தின் கனக்கோட்டத்தைத் தீர்ப்பது போலப் படிக்கும் நூல் 'மாந்தர் மனக்கோட்டம் தீர்க்கும்' என்கிறார் பவணந்தி முனிவர். மனம் நேர்கோட்டிலிருந்து விலகிப்போவது கோட்டம் என்றால், அப்படி விலகியவரைக் கோட்டி என்று அழைக்க அதிக தூரம் போக வேண்டியதில்லை.

மலையைத் தாண்டினால் மலையாளத்திலும் 'முகம் கோட்டுக' என்றால் முகத்தைச் சுளிப்பது. அங்கே முகத்தையும் உடம்பையும் கோணிக் காட்டும் சேட்டைக்குக் 'கோஷ்டி' என்ற பேச்சும் உண்டு. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்த ஊர். இரு மொழிகளும் புழங்கும் எல்லையில் இரண்டு சொற்களும் ஒன்றையொன்று உரசியிருந்தாலும் வியப்பில்லை.

சரி, கோட்டிக்கு நல்ல தமிழ் எது? பைத்தியம் என்று எழுதினால் 'திருத்தமான தமிழ்' ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பைத்தியம் பித்தத்திலிருந்து வந்தது. பித்தம் கூடினால் புத்தி கெடும் என்ற பழைய வைத்திய நம்பிக்கை. பித்தும் அதே வேரில் பிறந்ததுதான், ஆனால் சுந்தரர் சிவனையே 'பித்தா' என்று அழைத்துப் பாடியதால் அதற்கு ஒரு மேன்மை வந்துவிட்டது. கிறுக்கு நல்ல தமிழ். கோட்டியும் அதற்குச் சமமான தமிழ். கதையிலும் கவிதையிலும் எழுத அதற்கு முழு உரிமை உண்டு. கொச்சை என்று அடித்துத் திருத்த வேண்டாம்.

ஆனால் ஓர் இடத்தில் அந்தச் சொல் கூடவே கூடாது என்று நினைக்கிறேன். உண்மையிலேயே மனநோயோடு வாழ்பவரைக் கோட்டி என்று சொல்லும்போது, ஆச்சியின் குரலில் இருந்த பாசம் அதில் துளியும் இருப்பதில்லை. ஒரு வீட்டுக்குக் 'கோட்டிக்காரன் வீடு' என்று பெயர் விழுந்துவிட்டால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வரை அது கூடவே வரும். அதற்குப் பயந்தே வைத்தியம் பார்க்காமல் மூடி மறைப்பவர்களும் இருக்கிறார்கள். 1912-இல் வெள்ளையர் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே பைத்தியம் இருந்தது. 1987-இல் அது மனநலச் சட்டம் ஆனது; 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. சட்டமே பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது.

எழுதும்போது மனநோய், மனப்பிறழ்வு என்ற சொற்கள் இருக்கின்றன. பேச்சில் அவை கனமாகத் தோன்றினால், நெல்லையிலேயே நல்ல வழக்கு ஒன்று உண்டு. காய்ச்சலோ வயிற்று வலியோ, உடம்புக்கு எது வந்தாலும் 'சுகமில்ல' என்கிறோம். அதையே கொஞ்சம் நீட்டி, 'அவாளுக்கு மனசுக்குச் சுகமில்ல, மருந்து சாப்பிடுதாவ' என்று சொல்லலாம்.