கடைசி மாதம் மட்டும் ஏன் நினைவில் நிற்கிறது?

நாலு கட்ட மீம் ஒன்றை அனுப்பி, "இதற்குப் பின்னால் அறிவியல் ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். முதல் மூன்று கட்டங்களில் வடிவேலு பெட்ரோல் பங்கில் தலையிலடித்துக்கொண்டு அரசைத் திட்டுகிறார். நாலாவது தேர்தல் மாதம். விலை ஒரு ரூபாய் குறைந்ததும் கையில் மாலையோடு நிற்கிறார்.

உண்டு. 1993இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தமானது. 14 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 60 நொடி கையை வைக்க வேண்டும். நன்றாகவே வலிக்கும். இன்னொரு சுற்றில் அதே 14 டிகிரி, அதே 60 நொடி, அப்புறம் கையை எடுக்காமல் மேலும் 30 நொடி. அந்த அரை நிமிடத்தில் தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். ஒரே ஒரு டிகிரி! வலி போகாது, லேசாகக் குறையும். எந்தச் சுற்றை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டால், 32 பேரில் 22 பேர் நீளமானதையே கேட்டார்கள். முதல் சுற்றின் வேதனை மொத்தமும் அதில் இருக்கிறது, மேலே அரை நிமிடம் இனாம். ஆனால் மனசு நொடிகளைக் கூட்டிப் பார்ப்பதில்லை. உச்சத்தில் எவ்வளவு வலித்தது, முடியும்போது எப்படி இருந்தது, இந்த இரண்டை வைத்தே மதிப்பெண் போட்டுவிடுகிறது.

ஓட்டும் இப்படித்தான். அமெரிக்க வாக்காளர்களை ஆராய்ந்து ஹீலி, லென்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட முடிவு சுவையானது. அதிபரின் நாலு வருடப் பொருளாதாரத்தையும் சேர்த்து எடைபோடவே மக்கள் விரும்புகிறார்கள். மொத்தக் கணக்கு கைக்கு எட்டாததால், தங்களையறியாமலே தேர்தல் வருடத்தை அதன் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். மொத்த வளர்ச்சியைக் கூட்டிக் கொடுத்ததும் அந்தச் சாய்வு மறைந்துபோனது. ஆகவே மறதி, நன்றிகெட்டதனம் என்று மீம்காரர்கள் வாக்காளரை வாருவது கொஞ்சம் அநியாயம்.

உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தலை ஒட்டி, 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து நாலு மாதத்துக்கு மேல் எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோல் விலையைத் தொடவே இல்லை. கச்சா எண்ணெய் எகிறியபோதும்தான். 2022 மார்ச் 10 அன்று முடிவுகள் வந்தன. மார்ச் 22 முதல் விலை ஏற ஆரம்பித்தது. விலை நிர்ணயம் நிறுவனங்களின் பொறுப்பு என்பது அரசின் வழக்கமான பதில். சரி.

நம்மூரில் மனசு எந்த மாதம் மாறுகிறது என்று பிடிக்க, அதே ஆட்களிடம் வருடா வருடம் போய்க் கேட்க வேண்டும். மெதுவான, கவர்ச்சியில்லாத வேலை. எக்ஸிட் போலுக்கும் எண் கணித ஜோதிடருக்கும் டிவியில் தாராளமாக இடமுண்டு. இதற்கு நிதி கேட்டுப் போனால், "தேர்தலுக்குத்தான் இன்னும் மூன்று வருடம் இருக்கிறதே" என்பார்கள்.