அப்புச்சிக்குப் புகையிலை வாங்க வரும் பிள்ளைகள்

கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய ஒரு கிராமத்து மளிகைக்கடை. ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி ஓடி வந்து பணத்தை நீட்டி, "அப்புச்சிக்குப் புகையிலை" என்றாள். அம்மாவின் அப்பாவைத்தான் எங்கள் பக்கம் அப்புச்சி என்போம். கடைக்கார அம்மா பேச்சை நிறுத்தாமலேயே எடுத்துக் கொடுத்தார். சுகாதார ஆய்வாளரான நான் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். ஏனம்மா கொடுத்தீர்கள் என்று கேட்டதும் அவர் திகைத்துப்போனார். "அவளா சார் போடப்போகிறாள்? அவளுடைய அப்புச்சி எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வெற்றிலை போடுகிறவர்" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் யார் மெல்லப்போகிறார்கள் என்று சட்டம் பார்ப்பதில்லை. யார் கையில் கொடுத்தீர்கள் என்றுதான் பார்க்கிறது.

முப்பது ஆண்டுகள் பவானி, சத்தியமங்கலம், பெருந்துறை பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கியவன் நான். முகம் தெரியாத பையன் வந்து சிகரெட் கேட்டால் நம் கடைக்காரர்களில் பலர் மறுத்துவிடுவார்கள். தெரிந்த வீட்டுப் பிள்ளையிடம்தான் அவர்களுக்கு வாய் வராது. "அய்யன் பீடி வாங்கி வரச் சொன்னார்" என்று அப்பாவின் பெயரைச் சொல்லிப் பிள்ளை வந்து நிற்கும். அந்த அய்யன் மாதக் கணக்கு வைத்திருப்பவர், ஒரே கோயில் நோம்பிக்கு வரி கொடுப்பவர், சில சமயம் பங்காளியும்கூட. பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளிகளில் என்னிடம் மனம்விட்டுப் பேசிய பையன்களில் பலர் முதல் பீடியை அப்பாவுக்கு வாங்கிய கட்டிலிருந்துதான் உருவியிருக்கிறார்கள். 2019-இல் இந்தியா முழுவதும் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த உலக இளையோர் புகையிலை ஆய்வில், 8.5 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு புகையிலையைப் பயன்படுத்துவதாகத் தெரிந்தது. பீடியைத் தொட்டவர்களில் பாதிப் பேர் பத்தரை வயதுக்குள்ளேயே தொடங்கியிருந்தார்கள். கடைக்குப் போய்வரப் பழகும் வயது அது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிதான் கடைக்காரர்களுக்குத் தெரிகிறது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. 100 கஜம் என்பது ஏறக்குறைய 91 மீட்டர். அதைப் பள்ளியின் வெளிச்சுவரிலிருந்து நேர்கோட்டில் அளப்பார்கள். சந்து சுற்றி நடந்து வரும் தூரம் கணக்கில் வராது. இதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். "இருநூறு ரூபாய்தானே" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. அவர்கள் அறியாதது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு. குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"பெரிய பையன் மாதிரி இருந்தான்" என்ற பதிலும் உதவாது. வாங்கியவர் 18 நிரம்பியவர் என்று காட்டும் பொறுப்பை விதிகள் விற்றவர் மேல்தான் வைத்திருக்கின்றன. வயதுக்குச் சான்று கேட்கும் உரிமையையும் அவையே தருகின்றன. கொங்குப் பகுதியில் ஊருக்கு ஊர் கல்லூரி இருக்கிறது. வாசலுக்கு எதிரே டீயும் பப்ஸும் சிகரெட்டும் விற்கும் பேக்கரிகளைப் பார்க்கிறோம். 100 கஜத்துக்குள் இருந்தால் அங்கே யாருக்குமே விற்கக் கூடாது, தள்ளியிருந்தாலும் வயதைப் பார்த்தாக வேண்டும். முதலாண்டு மாணவர்கள் பலருக்குச் சேரும்போது 17 வயதுதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வெளிமாநிலத்திலிருந்து வரும் பையன்களின் வயதையும் முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் இருபத்தைந்துக்குக் கீழே தெரிகிற எவரிடமும் ஆதாரைக் கேளுங்கள். கூட்ட நேரத்தில் கூட்டிக் கழிக்க முடியாது என்பார்கள். காலையில் கடை திறக்கும்போதே ஒரு சிலேட்டில் இன்றைய தேதியையும் பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருடத்தையும் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு இல்லை, அவ்வளவுதான். பெருந்துறையில் ஒரு பேக்கரிக்காரர் இதைச் செய்து பார்த்தார். பையன்கள் அவரோடு வாதாடுவதை விட்டுவிட்டுச் சிலேட்டைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

மறுப்பதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. "உனக்குத் தரமாட்டேன், போடா" என்றால் பையன் அவமானப்படுவான், வீட்டில் வேறு மாதிரி போய்ச் சொல்வான். "கண்ணு, பதினெட்டு ஆகாத யாருக்கும் இந்தக் கடையில் கொடுப்பதில்லை. அய்யனையே வரச் சொல் சாமி" என்றால் அது கடையின் வழக்கமாகிவிடும். அய்யன் கோபத்தோடு வந்தால் அறிவிப்புப் பலகையைக் காட்டுங்கள். 60-க்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையாத பலகை வைக்க வேண்டும் என்பது விதி. அது உங்களுக்குத் துணையும்கூட. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை என்று தெரிந்தால் எந்த அப்பாவும் ரொம்ப நாள் கோபமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு பிள்ளைக்கு விதிவிலக்குச் செய்தால்தான் சண்டை வரும்.

சாயங்காலம் நீங்கள் சந்தைக்குப் போகும்போது கல்லாவில் யார் உட்காருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பத்தாம் வகுப்பு மகனை உட்கார வைத்துவிட்டுப் போவது நம் ஊரில் சாதாரணம். 18 நிரம்பாதவர் புகையிலையை விற்கவோ கையாளவோ கூடாது. அவன் இருக்கும் நேரத்தில் அந்தப் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போங்கள். வகுப்புத் தோழன் வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்லும் பாரத்தை அவன் தலையில் வைக்காதீர்கள். மிட்டாய் பாட்டிலுக்கு அருகே சிகரெட் பெட்டிகளை அடுக்குவதையும் மாற்றுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வைப்பதை விதியே தடுக்கிறது.

குட்கா, பான்மசாலா விஷயத்தில் வயதுக் கணக்கே கிடையாது. தமிழ்நாடு 2013-லேயே தடை விதித்துவிட்டது. மின்சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுவதும் தடை. யாருக்கும் விற்கக் கூடாது.

நான் இன்றும் கவலைப்படுவது ஏற்கெனவே பழகிவிட்ட பையனை நினைத்துத்தான். நீங்கள் மறுத்தால் அவன் அடுத்த கடைக்குப் போவான். ஆகவே கடைவீதியில் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து பேசி முடிவெடுங்கள். வணிகர் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்து வையுங்கள். அந்தப் பையனை நாலு பேர் முன்னால் வைத்துக் கண்டிக்காமல், ஆள் இல்லாத நேரத்தில் அருகில் கூப்பிட்டு 1800 11 2356 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள். புகையிலையை விட உதவும் தேசிய ஆலோசனை எண் அது. எழுதி வைக்கக்கூடத் தேவையில்லை. நீங்கள் விற்கும் சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது.