சிஎஸ்வி கோப்பை எக்செலில் ‘சும்மா திறந்து’ பார்க்காதீர்கள்

இந்த மாதத்தில் இப்படி நடப்பது இது மூன்றாவது முறை. முதுநிலை மருத்துவ மாணவி ஒருவர், ஆய்வேடு சமர்ப்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது லேப்டாப்போடு என்னிடம் வந்து நின்றார். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகப் பாதிப்பு பற்றிய ஆய்வு. வார்டு பதிவு ஒரு சிஎஸ்வி (தரவைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எழுத்துக் கோப்பு), ஆய்வக முடிவுகள் இன்னொரு சிஎஸ்வி. மருத்துவமனை எண்ணை வைத்து இரண்டையும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இணைத்ததும் நூறு பேருக்கு மேல் காணாமல் போயிருந்தார்கள். பிழைச்செய்தி எதுவும் இல்லை.

ஆரில் எண்களை எழுத்தாகப் படிக்கச் சொல்லி, அவர் சரியாகத்தான் செய்திருந்தார். ஆனால் 0045127 என்ற எண் வார்டு கோப்பிலேயே 45127 ஆகியிருந்தது. ஆய்வகக் கோப்பில் பூச்சியம் அப்படியே இருந்தது, அதனால் இரண்டும் பொருந்தவில்லை. அந்த மருத்துவமனையில் பூச்சியத்தில் தொடங்குபவை பழைய பதிவுகள். பல வருடமாகச் சர்க்கரையோடு இருப்பவர்கள், சிறுநீரகம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகமுள்ளவர்கள். அவர்களே ஆய்வில் இல்லையென்றால் முடிவு எப்படிச் சரியாக வரும்?

“நான் எதையும் மாத்தல சார், எக்செல்ல சும்மா திறந்துதான் பார்த்தேன்.”

எல்லோரும் சொல்வது இதுதான். தயவுசெய்து கேளுங்கள்: ஐகானில் எக்செல் படம் இருந்தாலும் சிஎஸ்வி எக்செல் கோப்பு இல்லை. அது வெறும் எழுத்து, நடுநடுவே காற்புள்ளி. எது எண், எது தேதி, எது அடையாளம் என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. இரண்டு முறை சொடுக்கித் திறந்தால் எக்செல் தானே ஊகித்துக்கொள்ளும்; 0045127-ஐ எண் என்று எடுத்து முன்னாலுள்ள பூச்சியங்களை விட்டுவிடும். மூடும்போது “சேமிக்கவா?” என்று கேட்டால், நாமும் ஆம் என்போம். அந்த ஊகம் கோப்பில் ஏறிவிடும். அப்புறம் அந்த நிரலை (column) டெக்ஸ்ட் ஆக்கினாலும் போன பூச்சியம் வராது. 16 இலக்க எண் என்றால் கடைசி இலக்கமே பூச்சியமாகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது.

சரி, என்ன செய்வது? பார்க்க வேண்டுமென்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள். ஆரில் கோப்பைப் படிக்கும்போது ‘கால்கிளாசஸ்’ (colClasses) கொடுத்து ஒவ்வொரு நிரலின் வகையையும் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆரும் பூச்சியத்தை விழுங்கும். எஸ்பிஎஸ்எஸ் (SPSS) என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளில் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போகாமல் வகை கேட்கும் திரையில் நில்லுங்கள். விடுபட்ட இடத்தில் 999 போட்டிருந்தால் அதையும் மென்பொருளிடம் சொல்ல வேண்டும். ஒருவர் 999 வயதை அப்படியே சராசரியில் சேர்த்துக்கொண்டு வந்தார். தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரிந்தால் யுடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பதற்கு முன்னும் பின்னும் எத்தனை வரி என்று எண்ணுங்கள், அரை நிமிட வேலை.

அந்த மாணவிக்குப் பதிவேட்டுப் பிரிவிலிருந்து மூலக் கோப்பு மறுபடி கிடைத்தது. எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதனால் கைக்கு வந்த அன்றே ஒரு நகல் எடுத்து, படிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள். என்னிடம் வரும்போது அதையும் பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.